திங்கட்கிழமை மாத்திரை

அத்தியாயம் 17

இராஜம்மாவின் கணவர் சின்னையா வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. போனார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அனுப்பினார்கள்.

மலேசியாவின் கிள்ளானில் அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி பிளாட்டின் கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், ஆறு பேர் கூடி நின்று அனுப்பினார்கள். மகள் மாதவி அழுதுகொண்டே பேசினாள். கோயில் கமிட்டி சபாபதி நியாயம் சொன்னார். இராஜம்மாவின் தம்பி சுகுமாறன்தான் சட்டையைப் பிடித்தவன். "எங்கக்காவ அடிக்கிற கை இந்த வீட்டுல சோறு திங்கக் கூடாது!" என்று அவன் போட்ட சத்தம் நாலாவது மாடிவரை கேட்டது. ஆட்கள் கம்பியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். சின்னையா ஒரு பையோடு படியிறங்கி, ஜெஞ்சாரோமில் நண்பனின் லோரிப் பட்டறைக்குப் போய்விட்டார்.

அவர் அடிக்கவில்லை. இராஜம்மா அதைச் சொன்னாள். தொண்டை வறளச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எல்லாரும் அவளை இன்னும் பாவமாகப் பார்த்தார்கள். அடிவாங்குகிற பெண்கள் இப்படித்தான் மறைப்பார்களாம். குடும்பநல ஆலோசகர் ஒருத்தி அதையும் தாளில் குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு எதிராக இரண்டு சாட்சிகள். ஒன்று, அவளுடைய கை. முழங்கைக்குக் கீழே நீலமும் ஊதாவுமாக ரத்தம் கட்டிய திட்டுகள். இன்னொன்று, அவளுடைய ரத்தம்.

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சிக் குழு, உடம்பால் உழைக்கிற பெண்களின் மன அழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. மாதவிதான் அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். மனிதர் நெருக்கடியில் இருந்தால் உடம்பு கார்ட்டிசோல் என்கிற ஹார்மோனைச் சுரக்கும். வருடக்கணக்கில் அது அதிகமாகவே ஓடினால், மரபணுவின் மேல் அடையாளம் விடும். மரபணுவின் எழுத்து மாறாது. எழுத்தின் மேல் ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன முத்திரைகள்தாம் மாறும். எதை வாசிக்கலாம், எதை விடலாம் என்று உடம்புக்குச் சொல்கிற முத்திரைகள். இருநூற்றுச் சொச்சம் பெண்களில் இராஜம்மாவின் முத்திரைகள்தாம் மிக மோசம். தனித்தனியாக முடிவு சொல்வது அங்கே வழக்கமில்லை. இவளை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாதவி அம்மாவின் கையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முடிந்தது.

இன்று திங்கட்கிழமை. ஆராய்ச்சிக் குழுவோடு இரண்டாவது சந்திப்பு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாதவி விடிந்ததும் வந்து, தன் பழைய மைவி காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டாள். பெடரல் ஹைவேயில் கார்கள் நகரவில்லை.

"அம்மா, இன்னைக்காச்சும் உள்ளதச் சொல்லும்மா."

"எத்தனை தடவ சொல்றது?"

"அப்பா உன்னைத் தொட்டதே இல்லையா?"

"அடிச்சாரு. நீ அஞ்சாம் வகுப்புல இருக்கிறப்போ. ரெண்டு தடவ, குடிச்சுட்டு. அன்னைக்கு உதடு கிழிஞ்சு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். குடும்ப விசயம், வீட்டுல பேசிக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. இதே சபாபதிதான் வந்து, அனுசரிச்சுப் போம்மான்னாரு." இராஜம்மா முன்னால் நின்ற லோரியைப் பார்த்தபடியே சொன்னாள். "அடிச்சப்போ ஒருத்தன் வரல. அடிக்காதப்போ ஊரே வருது."

"ரத்தம் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றேனா?"

மாதவி ஹாரனை அழுத்தினாள்.

---

ஆராய்ச்சி அறையில் குளிர் எலும்பில் ஏறியது. டாக்டர் விமலன் கணினியைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பிள்ளை, குரல்கூட உயராது. அந்த மரியாதைதான் இராஜம்மாவுக்கு எரிந்தது.

"ஆன்டி, உங்க அனுபவம் உங்க செல்லுலயே பதிஞ்சிருக்கு. நீங்க சொல்ல வேண்டாம், பரவால்ல. உடம்பு சொல்லுது."

"என் வீட்டுல என்ன நடக்குதுன்னு என் செல்லுல பாத்தீங்களா டாக்டர்?"

"நாங்க உங்க பக்கம்தான் ஆன்டி."

"என் பக்கம்னா நான் சொல்றதக் கேக்கணும் இல்ல?"

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்திருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்க வந்தவள் புதியவள். டாக்டர் ருக்சார், அந்தக் குழுவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டரை, சரியாக ஒட்டவில்லையென்று உரித்தாள். பிளாஸ்டரோடு தோலும் ஒரு நூல் அகலத்துக்குக் கழன்று வந்தது.

ருக்சார் கையை நிறுத்தினாள். இராஜம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். உப்பிய கன்னம். பின்கழுத்தில் திரண்ட சதை.

"ஆன்டி, முகம் முன்னாடியே இப்படி உருண்டையாவா இருந்துச்சு?"

"ரெண்டு மூணு வருசமா ஊதிப் போச்சும்மா. சுகரும் வந்துடுச்சு."

"டாக்டர் விமலன், இவங்களோட காலைநேரக் கார்ட்டிசோல் ஏறக்குறைய இல்லவே இல்லயே. முத்திரை எல்லாம் உச்சத்துல இருக்கு, ஹார்மோன் மட்டும் எங்க போச்சு?"

"ரொம்ப வருசம் அழுத்தத்துல இருந்தா அப்படித் தேஞ்சு போறதுண்டு. கட்டுரைங்க இருக்கு."

"இவ்வளவு தேயுமா?"

விமலன் பதில் சொல்லத் தொடங்கியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. இராஜம்மா பையைத் திறந்தாள். லேபிள் இல்லாத வெள்ளைப் போத்தலிலிருந்து பழுப்பு மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டு, அவர்கள் வாங்கி வைத்திருந்த பாலில்லாத தேநீர், தே ஓவில் ஒரு மடக்கு குடித்தாள். பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று. கை தானாகப் பழகிய காரியம்.

"ஆன்டி, இப்ப என்ன சாப்டீங்க?"

"ஒன்னுமில்லம்மா, ஜாமு."

"மருந்து எதுவும் சாப்பிடறதில்லன்னு பாரத்துல இருக்கே!"

"மருந்து இல்லயே. வேரு, இலை. மூட்டு வலிக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டு, சீட்டு ஒட்டிக் கொடுப்பது. சுகருக்கு இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை, சாப்பாட்டைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார்கள். தைலம், கஷாயம், ஜாமு எல்லாம் வீட்டுச் சங்கதி. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவள் வேலை செய்கிற சலவை ஆலையில், அந்த லாண்ட்ரியில், யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. வேலையில குடுப்பாங்க. திங்கட்கிழமை வருகைக் கார்டு போடற எடத்துல, ஆளுக்கு ஒரு வாரத்துக்குப் பதினாலு. மூணு வருசமா சாப்பிடறேன். ஓட்டல் பெட்ஷீட்டு ஈரத்தோட வண்டி வண்டியா வரும், பன்னெண்டு மணி நேரம் நின்னே தள்ளணும். முன்னெல்லாம் முட்டி மடங்காது. இது போட்டா வலியே தெரியாது."

மாதவி தலைநிமிர்ந்தாள். ருக்சார் போத்தலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இந்த மாதிரி ஜாமுல ஸ்டீராய்டு கலக்கறது உண்டு. பயந்தா உடம்பு சுரக்குதே, அதே ஹார்மோன் வேலையச் செய்யற சரக்கு, பல மடங்கு பலமா. வலி போயிடும். முகம் ஊதும், சுகர் ஏறும், தோல் காகிதம் மாதிரி ஆகிடும். வண்டி லேசா இடிச்சாக்கூட ரத்தம் கட்டும்."

"அப்ப அந்த முத்திரை?" என்றாள் மாதவி. குரல் சின்னதாக வந்தது.

"ஹார்மோன் வந்துச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பயத்துலேர்ந்து வந்துச்சா, போத்தல்லேர்ந்து வந்துச்சான்னு அதுக்குத் தெரியாது."

மாதவி அம்மாவின் கையிலிருந்த திட்டுகளை மறுபடி பார்த்தாள்.

"ஆன்டி, ஒன்னு முக்கியம்," ருக்சார் இராஜம்மாவின் கையைப் பிடித்தாள். "இதத் திடீர்னு நிறுத்தக் கூடாது. உங்க உடம்பு தானா சுரக்கிறதையே மறந்திருக்கும். டக்குனு நிறுத்தினா பிரஷர் இறங்கி ஆளே போயிடலாம். காய்ச்சல் நேரமா இருந்தா இன்னும் மோசம். நான் வேற மாத்திரை தரேன். கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்போம்."

இராஜம்மா தலையாட்டினாள். காதில் விழுந்தது, மனம் அங்கே இல்லை. வேறு இரண்டு கைகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"காத்தூன் அக்கா கையிலயும் இதே திட்டு இருக்கு," என்றாள். "என்கூட பெட்ஷீட்டு மடிக்கிறவங்க. காத்தூன் பீவி."

"அவங்க வீட்டுக்காரர் எப்படி?" விமலன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"செத்து ஆறு வருசமாச்சு. கபருக்குள்ளேருந்து எழுந்து வந்து அடிச்சுட்டுப் போறாரா டாக்டர்?"

விமலனின் முகம் சிவந்தது. கெட்டவர் இல்லை. உடனே ஒப்புக்கொண்டார். "கேள்வித்தாள திருத்தணும். நாட்டு மருந்து, ஜாமு எல்லாம் தனியாக் கேட்டிருக்கணும். எங்க தப்பு."

"கேள்வியத் திருத்துங்க. அவரை நிக்க வச்சு ஆறு பேர் பேசுன பேச்சை யாரு திருத்துவா? என் வீட்டுக்கு ஒரு தடவ வந்தீங்களா? நான் வேலை செய்யற எடத்தப் பாத்தீங்களா? ரத்தத்த மட்டும் எடுத்துட்டுப் போயி, குளிர்ல உக்காந்து, எம் புருசன் பேர எழுதிட்டீங்க."

மாதவி வெளியே போய் அப்பாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"இத யாரு குடுக்கிறது ஆன்டி? புகார் குடுக்கணும். பேர் வேணும்," என்றாள் ருக்சார்.

"சூப்பர்வைசர்."

"பேரு?"

இராஜம்மா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். உள்ளே வந்த மாதவிக்கு அந்தப் பெயர் தெரியும்.

"சுகுமாறன். என்கூடப் பொறந்தவன். எழுதிக்கங்க."

---

மேருவிலுள்ள லாண்ட்ரியில் மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும். வெளியாளை உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி சொன்னதால் மாதவி காரிலேயே இருந்தாள். இராஜம்மா தன் வேலைக்கார்டைக் காட்டிவிட்டுப் போனாள்.

கார்டு போடுகிற இடத்தில் சுகுமாறன் நின்றிருந்தான். பக்கத்து மேசையில் வரிசையாக வெள்ளைப் போத்தல்கள்.

"என்னக்கா, இன்னைக்கு லீவு சொன்னியே?"

"இதுல என்னடா இருக்கு?"

"ஜாமுக்கா. தெரியாத மாதிரி கேக்கிற."

"நீ சாப்பிடறியா?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"உனக்கும்தான் முட்டி வலி. போன மாசம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கிப் போயி ஊசி போட்டுட்டு வந்தியே. டப்பா இங்க மேசை மேலயே இருக்கு. ஏன்டா ஒன்னு எடுத்து வாயில போட்டுக்கல?"

"அக்கா, மெதுவாப் பேசு லா. மொதலாளி, தவுக்கே குடுக்கச் சொல்றாரு, குடுக்கறேன். எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்."

சுகுமாறன் சுற்றிப் பார்த்தான். ஷிப்ட் முடிந்த பெண்கள் ஒன்பது பேர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நிக்க முடியாதவங்கள வீட்டுக்கு அனுப்புன்னான் தவுக்கே. லிஸ்ட்ல மொதப் பேரு உன்னுதுக்கா. நான் போராடி உன்னை நிக்க வச்சேன்."

"என்னை நிக்க வச்சே. சரி. அவரை ஏன்டா தள்ளுனே? இத்தனை கையப் பாத்துக்கிட்டே தினமும் நிக்கிறியே, எங்கக்காவ அடிச்சிட்டான்னு எந்த வாயால கத்துனே?"

இராஜம்மா பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"சட்டைக் கைய மடிச்சுக் காட்டுங்க. எல்லாரும்."

காத்தூன் பீவிதான் முதலில் மடித்தாள். மத்தியானத்திலிருந்து காய்ச்சல், தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். முழங்கைவரை ஊதாத் திட்டுகள். அடுத்தவளுக்கும் அப்படியே. அதற்கடுத்தவளுக்கும். ஒன்பதில் ஏழு பேர். இத்தனை நாளும் ஒவ்வொருத்தியும் தன்னுடையதை மட்டும் மறைத்து வைத்திருந்தாள். வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று ஒருத்தி, வயதாகிவிட்டது என்று ஒருத்தி, பாவம் பண்ணினேனோ என்று ஒருத்தி.

அதைப் பார்த்ததும் இராஜம்மாவுக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது.

"விசம்! இத்தனை வருசமா நமக்கு விசத்தக் குடுத்திருக்கானுங்க! தூக்கிப் போடுங்கடி சாக்கடையில!"

காத்தூன் பீவி தன் போத்தலைத் திறந்து, சோப்புத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் கவிழ்த்தாள். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். மேசையிலிருந்ததையும் யாரோ வாரிப் போட்டார்கள். பழுப்பு மாத்திரைகள் நுரையில் மிதந்து போயின. "அக்கா, என் பொழப்பப் பாருக்கா," என்று சுகுமாறன் பின்னால் வந்தான். இராஜம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக அவள் நெஞ்சு இவ்வளவு நிமிர்ந்ததில்லை.

---

ஜெஞ்சாரோம் பட்டறையில் சின்னையா லோரியின் அடியில் கிடந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற பழைய லோரி. கார் சத்தம் கேட்டு வெளியே வந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். மாதவி அழுதபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"டாக்டர் சொன்னாங்களா?"

"ஆமாப்பா."

"அம்மா சொன்னப்போ காதுல விழல?"

மாதவி தலையைக் குனிந்தாள்.

"நான் சொன்னப்போ?"

"அப்பா, மன்னிச்சிருங்கப்பா. வீட்டுக்கு வாங்க."

"நான் அடிச்சவன்தான். அன்னைக்கு அதுக்காக என்னைத் தள்ளியிருந்தா, தலையக் குனிஞ்சிட்டுப் போயிருப்பேன். போகத்தான் வேணும். அதுக்கு ஒருத்தனும் தள்ளல." துணியை லோரிப் படியில் போட்டார். "தள்ளுனது நாலு மாடி பாக்க. கூப்பிடறது மட்டும் இங்க, ஆளில்லாத செம்பனைக் காட்டுலயா? அந்த ஆறு பேரும் அதே மோட்டார் சைக்கிள்கிட்ட வந்து நிக்கட்டும். அதே சத்தத்துல சொல்லட்டும். அப்ப வரேன்."

"நியாயம்தான்," என்றாள் இராஜம்மா. "அதுவரைக்கும் நானும் அந்தப் படியேறல."

அவர் அவளைப் பார்த்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, பையிலிருந்து ருக்சார் கொடுத்த புது மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள்.

"மாத்திரையே ஆகாதுங்கிறீங்க. அப்புறம் என்னாத்த முழுங்கற?"

"இது வேறங்க. டாக்டர் குடுத்தது. டக்குனு நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினா பிரஷர் இறங்கி ஆளே..."

அவள் வாய் அப்படியே நின்றது.

"அம்மா?" மாதவி அருகில் வந்தாள். "அம்மா, உள்ள போயி அவங்ககிட்ட என்ன சொன்ன?"

இராஜம்மா போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தவறியது. காத்தூன் பீவியின் எண். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"காச்சல்லங்க அவங்க. அடுத்தவங்க பங்கையும் வாங்கி ரெண்டு ரெண்டாச் சாப்பிடுவாங்க, அஞ்சு வருசமா. வீட்டுல தனியா. நான்தாங்க சாக்கடையில போடச் சொன்னேன். ஒன்பது பேருக்கும் நான்தான் சொன்னேன்."

சின்னையா சாவியை எடுத்தார். லோரிக் கதவைத் திறந்து ஏறினார்.

"மாதவி, அந்த டாக்டரம்மாவ இப்பவே கூப்பிடு. என்ன பண்ணணும்னு கேட்டுக்க. அப்புறம் நீ கார்ல மேரு பக்கம் போயி ஒவ்வொரு வீடாத் தட்டு. காத்தூன் வீடு தெலுக் பங்ளிமா காராங் வழியிலதான், எனக்குத் தெரியும்."

"அப்பா, அந்த லோரி உறுமத்தான் செய்யும், ஓடாதுப்பா."

"ஓடும்."

இராஜம்மா ஏற முயன்றாள். முட்டி மடங்கவில்லை. அவர் இறங்கி வந்து, திட்டுத் திட்டாய் நீலம் பாய்ந்த கையில் விரல் படாமல், அக்குளில் தாங்கி அவளைத் தூக்கி ஏற்றினார்.

"வீட்டுக்குன்னு நெனச்சுக்காத," என்றார்.

"நெனைக்கல."

லோரி செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் சாலையில் குதித்துக்கொண்டு ஓடியது. அவள் மடியிலிருந்த போனிலிருந்து காத்தூன் பீவிக்கு மணி போனபடியே இருந்தது. அந்தப் பக்கம் எடுப்பாரில்லை.